லுக் வேற, ஸீ வேற

அந்த அம்மா முன்னால் 'பார்த்துட்டேன்' என்று சொல்ல எங்கள் கம்பெனியில் யாருக்கும் தைரியம் கிடையாது. எனக்கே கிடையாது. கம்பெனி என்னுடையது, மிஷின் என்னுடையது, கரண்ட் போனால் ஜெனரேட்டரைக் கிளப்ப ஓடுகிறவனும் நான்தான். ஆனாலும் அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேசை ஓரமாக வந்து நின்றுவிட்டால், வீட்டுப்பாடம் எழுதாமல் பள்ளிக்கூடம் போன பயல் மாதிரி எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

திருப்பூர் மண்ணரையில் எங்களுடையது சின்ன யூனிட். கைக்குழந்தைகள் போடும் உடுப்பு மட்டும் தைக்கிறோம். அதை வாங்குகிற வெளிநாட்டுக்காரன், பையர் என்போம், நேரில் வருவதில்லை. அவனுக்காக ஊரில் ஓர் ஆபீஸ் இருக்கும். அந்த ஆபீஸ், துணி சரியாக இருக்கிறதா என்று சோதிக்க ஓர் ஆளை அனுப்பும். அந்த ஆளுக்குப் பெயர் க்யூசி. க்யூசி வேண்டாம் என்று தலையசைத்தால் அட்டைப்பெட்டி வாசலைத் தாண்டாது. அப்படி எங்களுக்கு வாய்த்தவர்தான் இந்த அம்மா.

ஐம்பதை ஒட்டிய வயது. நாகர்கோவில் பக்கம். கழுத்தில் மெல்லிய சங்கிலியில் ஒரு சிலுவை, அதற்கு மேலே அளவு டேப், அதற்கும் மேலே கயிறு கட்டிய கண்ணாடி. மற்ற க்யூசிகள் வந்தால் பிரியாணிக்குச் சொல்லிவிடுவோம், அவர்களும் மனம் கோணாமல் சாப்பிடுவார்கள். இவர் டீ கூடக் குடிக்க மாட்டார். "வேண்டாம் சார், துணில சிந்திரும்" என்பார். சிந்தாமல் குடிக்கத் தெரியாத குழந்தையா இவர்? எனக்கு எரிச்சலாக வரும். சத்தமாகப் பேசவே மாட்டார்.

முதல் முறை வந்தபோது செக்கிங் மேசையில் இருந்த பெண்ணிடம் ஒரு பீஸைக் காட்டி, "பாத்தியா?" என்று கேட்டார்.

"பாத்துட்டேங்க மேடம்."

"லுக் பண்ணுனியா, ஸீ பண்ணுனியா?"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். நானும் உள்ளுக்குள் சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை. துணியைத் திருப்பி, அக்குளுக்கு அடியில் விரலை விட்டார். விரல் நுனி வெளியே வந்தது. தையல் விட்டுப்போயிருந்தது.

"இது லுக். உன் கண்ணு துணி மேல போயிட்டு வந்திருக்கு, அவ்வளவுதான். ஸீன்னா இந்த ஓட்டை உன் கண்ணுக்குள்ள வந்திருக்கணும். லுக் வேற, ஸீ வேற, மக்ளே."

அன்றிலிருந்து இதே பாட்டுதான். எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் கேட்டே விட்டேன். "ஏனுங்க மேடம், ரெண்டும் பாக்கறதுதானுங்களே? எதுக்குங்க இத்தனை வியாக்கியானம்?"

"அதுதான் சார் எனக்குப் பயமாட்டு இருக்கு" என்றார். "பேச்சுல ரெண்டுக்கும் ஒரே சொல்ல வச்சிருக்கோம். ஒருத்தன் பாத்தேன்னு சொன்னா, திரும்பிப் பாத்தானா, அது அவனுக்குத் தெரிஞ்சுதான்னு எப்படிக் கண்டுபிடிக்கது? எங்க ஊர்ல கண்டேன்னு ஒரு சொல்லு உண்டு. உங்க ஊர்ல அதையும் காணல."

யோசித்தால் அதுவும் சரிதான். எங்கள் பக்கம் வாயில் அதிகம் புழங்குவது 'காணோம்' மட்டும்தான். சாவியைக் காணோம், கத்தரியைக் காணோம், வேலைக்கு வரேன் என்றவனைக் காணோம். கிடைத்த பிறகு யாரும் 'கண்டேன்' என்பதில்லை. 'இந்தா இருக்குது' என்று முடித்துக்கொள்வோம்.

என் ஆங்கிலம் செல்போன் போட்ட பிச்சை. பையர் ஆபீஸிலிருந்து ஏதாவது குறை சொல்லி மெயில் வந்தால் ஒரே பதில்தான்: 'வீ வில் லுக் இன்டு இட்.' திருப்பூரில் பாதிப் பேர் அதைத்தான் அனுப்புகிறோம். ஒருநாள் அந்த அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டார்.

"இதுக்கு என்ன அர்த்தம்னு தெரியுமா சார்?"

"சரி பண்ணிர்றோம்னுதானுங்க."

"இல்ல. குனிஞ்சு எட்டிப் பாக்கேன்னு அர்த்தம். பாத்துட்டு நிமிந்து போயிரலாம். 'வீ வில் ஸீ டு இட்'னு போடுங்க. அப்பம் முடிச்சுக் குடுக்கது வரைக்கும் அது உங்க தலையில."

"அப்பறம் அது ஆகலைன்னா என்ர தலை போயிருமுங்களே?"

"ஆமா. அதுக்குத்தான் அந்தச் சொல்லு."

கெரகமே என்று திருத்தி அனுப்பினேன். அனுப்பிய பிறகு தூக்கம் போச்சு. ஒரு மெயில் அனுப்பினால் அதோடு தொல்லை விட்டது என்று இருந்தவன், இந்த அம்மா வந்த பிறகு அனுப்பின மெயிலை நினைத்து நினைத்து பயந்தேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எங்களை விட அவர்தான் அதிகமாகப் பயந்தார். அவரை ரோட்டைக் கடக்க வைப்பதே பெரும் பாடு. கம்பெனி வாசலுக்கு எதிரில் பஸ் ஸ்டாப். நூல் மூட்டை ஏற்றிய டெம்போக்கள் வந்தபடி இருக்கும். ஓரத்திலேயே நிற்பார், நிற்பார், நின்றுகொண்டே இருப்பார். ஒருதடவை நானே கூட்டிப்போனேன். லாரி ஒன்று வேகம் குறைத்தது. டிரைவர் எங்களைப் பார்த்தான். "வாங்க போயிரலாமுங்க, பாத்துட்டான்" என்றேன். அந்த அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டார். லாரி எங்களை உரசுகிற மாதிரிப் போனது. டிரைவர் காதில் போன் இருந்தது.

"அவன் லுக் பண்ணுனான் சார்" என்றார், நெற்றி வியர்வையைத் துடைத்தபடி. "நம்மள அவன் காணல."

இத்தனை பயத்துக்கு ஏதாவது காரணம் இருக்கத்தான் வேண்டும் என்று கம்பெனி முழுக்கப் பேச்சு. புருஷன் விபத்தில் போயிருப்பார் என்றது ஒரு கூட்டம். இல்லை, அவர் பாஸ் பண்ணின உடுப்பைப் போட்ட குழந்தைக்கு ஏதோ ஆகிவிட்டதாம் என்றது இன்னொரு கூட்டம். அயர்ன் மாஸ்டர் அதற்குக் கண்ணும் மூக்கும் வைத்து, அழுதபடியே சொல்வார். என் மனைவிகூட, "பாவமுங்க அந்தக்கா, என்ன நடந்துச்சோ" என்பாள். கடைசியில் நானே சுற்றி வளைத்துக் கேட்டேன்.

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "ஒண்ணும் நடக்கல சார். அவரு ஊர்ல ரப்பர் தோட்டத்துல சூப்பர்வைசரா இருக்காரு. ரெண்டு பிள்ளைகளும் படிக்கு. ஏதாவது நடந்தாத்தான் பயப்படணுமா? நடக்கதுக்கு முன்ன பயப்படக் கூடாதா?"

அவ்வளவுதான் அவர் கதை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

இனி அந்த நாளைச் சொல்ல வேண்டும்.

எங்களிடம் ஒரு வழக்கம். புது மாடல் லைனில் ஏறுகிற அன்று காலையில் முதல் மிஷினுக்குப் பூஜை போடுவோம். எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்போம். முதல் பீஸைத் தைப்பதற்கென்றே ஓர் அக்கா இருந்தார். அவர் கைராசி அப்படி. அவர் தொட்டுக் கொடுத்தால் ஆர்டர் தடங்கலில்லாமல் போகும் என்று என் அப்பா காலத்திலிருந்து ஒரு நம்பிக்கை. அந்த முதல் பீஸை வீட்டில் இருக்கிற குழந்தைக்குப் போட்டுவிடுவோம். அதுவும் வழக்கம்தான். அப்போது என் மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள். மஞ்சள் நிறத்தில் கழுத்திலிருந்து கால் வரை ஒரே உடுப்பு. பூஜை முடிந்ததும் சட்டைப்பையில் அதை மடித்து வைத்து, பைக்கில் வீட்டுக்குப் போய், மனைவி கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

திரும்பி வந்தால் அந்த அம்மா வந்திருந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முதல் மிஷினைத் தாண்டி நடந்தவர், நாலடி போன பிறகு நின்றார்.

"அந்த மிஷின் தலையில ஸ்க்ரூடிரைவர் கிடக்கு. ஊசி மாத்தியிருக்கா? பழசு எங்க?"

குழந்தைத் துணி தைக்கும் இடத்தில் இதற்கு ஒரு சட்டம் உண்டு. ஊசி உடைந்தால் மிஷினை நிறுத்த வேண்டும். உடைந்த துண்டுகளை எல்லாம் பொறுக்கி, ஒரு அட்டையில் ஒட்டி, முழு ஊசி ஆகிறதா என்று பார்க்க வேண்டும். முழுசாக ஆனால்தான் புது ஊசி. ஒரு துணுக்கு குறைந்தாலும் தைத்த துணி ஒன்றுகூட நகரக்கூடாது. அந்தத் துணுக்கு எந்தக் குழந்தையின் மேலாவது போய்ச் சேரலாம் இல்லையா?

கைராசி அக்கா எழுந்தார். முகம் செத்துப்போயிருந்தது. முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே ஊசியின் இரண்டு துண்டுகள். கூர் முனை இல்லை.

"பூஜை நடக்கறப்பவே ஒடஞ்சு போச்சுங்க சாமி" என்று என்னைப் பார்த்து அழுதார். "சூடம் எரியறப்ப ஊசி ஒடஞ்சுதுன்னு சொன்னா என்ர கைராசிய என்ன பேசுவாங்க? எங்கிட்ட இன்னொரு ஊசி இருந்துச்சு, மாட்டிட்டனுங்க. முனையத் தேடுனனுங்க. பாத்தனுங்க, நல்லாப் பாத்தனுங்க."

அந்த அம்மா அக்காவைத் திட்டவில்லை. லைனை நிறுத்தச் சொன்னார். காந்தக் கட்டையைத் தரை முழுக்க உருட்டினோம். மிஷின் அடியில், மேசை அடியில், துணித் தொட்டிக்குள். நான் கூடவே நடந்து நடந்து தேடினேன். முனையைக் காணோம். ஊசியை மோப்பம் பிடிக்கும் கைக்கருவி ஒன்று உண்டு, இரும்பு பட்டால் கத்தும். தைத்த பீஸ் ஒவ்வொன்றாக அதை வைத்துத் தடவினார். ஒன்றும் கத்தவில்லை.

"கட்டுல ஒரு பீஸ் குறையுதே. முதப் பீஸ் எங்க சார்?"

சொன்னேன். "பாப்பா போட்டிருக்குதுங்க மேடம்."

மனைவிக்குப் போன் போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டேன். குழந்தை தூங்கும்போது அவள் போனைச் சத்தமில்லாமல் வைத்துவிடுவாள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் விடாமல் அடித்தேன். பாப்பா குப்புறப் படுத்துத் தூங்குவாளே! அந்த மெல்லிய துணிக்குள், மடிப்புக்குள், எங்கேயோ அது நிற்கிறதே!

பைக்கை எடுத்தேன். அந்த அம்மா கைக்கருவியோடு பின்னால் ஏறிக்கொண்டார். ரோட்டைக் கடக்கப் பயப்படுகிறவர். வண்டி நொய்யல் பாலத்தில் குலுங்கியபோது அவர் விரல்கள் என் தோளில் பதிந்தன. வாய்க்குள் ஜெபம் சொல்லிக்கொண்டே வந்தார். நான் எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்று எனக்கே நினைவில்லை.

வாசலில் செருப்பை உதறிவிட்டு உள்ளே ஓடினேன். குழந்தை பாயில் குப்புறத்தான் கிடந்தாள். மஞ்சள் உடுப்பு. அசைவில்லை. மனைவி சமையலறையிலிருந்து வந்து, "ஏனுங்க, இந்நேரத்துக்கு? சித்த மெதுவாப் பேசுங்க, இப்பத்தான்..." என்றவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டாள்.

அந்த அம்மா மண்டியிட்டு உட்கார்ந்தார். குழந்தையை அள்ளித் தூக்கப்போன என் கையைத் தட்டிவிட்டார். "அமுக்காதீங்க சார். அமுக்கினா இறங்கிரும்." பட்டன்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். தோலிலிருந்து துணியை உரித்தார், முட்டைக்கு உள்ளே இருக்கும் தோலை எடுப்பதுபோல. குழந்தை விழித்து வீறிட்டது. தொடையில் சிவப்பாக ஒரு கோடு.

மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "என்னாச்சுங்க? என்னாச்சுங்க அக்கா? சொல்லுங்க!"

அந்த அம்மா கோட்டைத் தடவினார், வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார், கருவியை அதன் மேல் கொண்டுபோனார். கத்தவில்லை. "நகக்கீறல்" என்றார். உடம்பு முழுக்கக் கொண்டுபோனார். கத்தவில்லை. உடுப்பை வெள்ளைத் துண்டில் விரித்து, கருவியால் தடவி, தையல் தையலாக விரலால் நடந்தார். நானும் பார்த்தேன். என் மனைவியும் பார்த்தாள். எதிலும் ஒன்றும் இல்லை.

எனக்கு உயிர் திரும்பி வந்தது. "இல்லீங்க மேடம். விட்டுதுங்க. இங்க இல்லை" என்றேன். சிரித்தேன் என்றுகூட நினைக்கிறேன். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு காப்பி போட எழுந்தாள். குழந்தையை இறக்கிவிட்டாள்.

அந்த அம்மாவுக்கு மட்டும் முகம் தெளியவில்லை. "இங்கயும் காணல, அங்கயும் காணல. அப்பம் எங்க சார் போச்சு?" என்று துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். துணியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று கத்தினார். அந்த வாயிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

"மக்ளே!"

குழந்தை வாசலில் இருந்தாள். என் செருப்பில் ஒன்றை இரண்டு கையாலும் தூக்கி, அடிப்பாகத்தை வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள்.

எப்படி அங்கே போய்ச் சேர்ந்தார் என்று தெரியவில்லை. செருப்பைப் பிடுங்கினார். திருப்பினார். ரப்பர் வரிப்பள்ளத்தில் சோற்றுப்பருக்கையில் பாதிகூட இல்லாத ஒரு வெள்ளை மினுக்கம். கருவியைக் கிட்டே கொண்டுபோனார். கத்தியது. வீடே அதிரக் கத்தியது.

பூஜைக்குக் கழற்றி மிஷின் பக்கத்தில் விட்ட செருப்பு. முனை கீழே விழுந்திருக்கிறது. சூடத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு நான் செருப்பை மாட்டி அதன் மேலேயே மிதித்திருக்கிறேன். காந்தக் கட்டை தரையெல்லாம் உருண்டபோது அதன் மேல்தான் நின்றுகொண்டிருந்தேன்.

மனைவி காப்பி டம்ளரோடு நின்றிருந்தாள். குரல் எழும்பாமல் சொன்னாள். "இவளுக்கு எப்பவுமே அந்தச் செருப்புத்தானுங்க. காலைல நீங்க வந்துட்டுப் போனப்பவும் வாயிலதான் வெச்சுட்டிருந்தா. நான் பாத்து, சிரிச்சுட்டு, புடுங்கி வெச்சேன்."

குழந்தையைத் தூக்கி, வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினேன்.

அந்த அம்மா முனையைச் சேஃப்டி பின் கொண்டு நெம்பி எடுத்து, கையோடு கொண்டுவந்திருந்த மற்ற இரண்டு துண்டுகளோடு உள்ளங்கையில் சேர்த்து வைத்தார். ஊசி முழுசாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் வாசற்படியில் உட்கார்ந்தார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "நீங்க இல்லைன்னா..." என்று ஆரம்பித்து, முடிக்க முடியாமல் அழுதுவிட்டேன். அவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை.

"உள்ள வரும்போது இந்தச் செருப்பத் தாண்டித்தான் சார் வந்தேன்" என்றார். "பாத்தேன். குப்புறக் கிடந்துச்சு. அடிப்பாகம் மேல தெரிய. நல்லாப் பாத்தேன் சார்."

அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். காப்பி ஆறிப்போனது.

அடுத்த வருஷம் வேலையை விட்டுவிட்டு ஊருக்கே போய்விட்டார். கண்ணில் புரை விழுகிறது என்று ஆபீஸில் சொன்னாராம். அயர்ன் மாஸ்டர் அதற்கும் ஒரு கதை வைத்திருந்தார், நான் கேட்கவில்லை. எங்கள் கம்பெனியில் இப்போது பூஜைக்கு யாரும் செருப்போடு உள்ளே வருவதில்லை. கைராசி அக்காதான் இன்னமும் முதல் பீஸைத் தைக்கிறார். அந்தப் பீஸ் வீட்டுக்குப் போவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாவின் போன் வந்தது. வருஷத்தில் ஒன்றிரண்டு முறை கூப்பிடுவார். கண் ஆபரேஷன் ஆகிவிட்டதாம், ஊரில் மழையாம். பிறகு வழக்கமான கேள்வி.

"பிள்ளை எப்படி இருக்கா சார்?"

"நல்லா இருக்காளுங்க. ரெண்டாவது போறா. மாடில விளையாண்டுட்டு இருக்கா."

"பாத்தீங்களா?"

"இப்பத்தானுங்க பாத்தேன்."

மழைச் சத்தத்துக்கு நடுவே தாழ்ந்த குரலில் கேட்டார்.

"கண்டீங்களா?"

மாடியில் சத்தமே இல்லை. எப்போதிலிருந்து இல்லை என்று எனக்குத் தெரியவில்லை. போனைக் காதிலிருந்து எடுக்காமலே படியேறினேன்.